கடைக்கு ஒரு துண்டு: அறிவியல் புனைவுப் படங்களின் விற்பனையகத் தனிப்பதிப்புகள்

விற்பனையகத் தனிப்பதிப்பு என்பது, ஒரு திரைப்படத்தின் டிவிடி அல்லது புளூ-ரே வட்டு ஒரு குறிப்பிட்ட கடையிலோ இணைய அங்காடியிலோ மட்டும் கிடைக்குமாறு வெளியிடப்படுவதாகும். படம் எல்லாவற்றிலும் ஒன்றே. உறை, பரிசுப்பொருள், கூடுதல் காணொளிகள் ஆகியவை கடைக்குக் கடை மாறும். அமெரிக்காவில் டார்கெட், வால்மார்ட், பெஸ்ட் பை போன்ற பெருங்கடைகள் இவ்வாறான பதிப்புகளைப் போட்டி போட்டு விற்றன. பெருவெற்றி பெற்ற அறிவியல் புனைவுப் படங்களே இவ்வணிகத்துக்கு வாகாக அமைந்தன. அவற்றின் ரசிகர்கள் சேகரிப்பாளர்கள். அந்த எந்திரமும் அந்த வேற்றுக்கோளும் எப்படி உருவாக்கப்பட்டன என்று பார்க்கக் காசு கொடுப்பவர்கள்.

கோவை உக்கடத்தில் ஞாயிறுதோறும் கூடும் பழம்பொருள் சந்தையில் வட்டுகளைப் புரட்டும் ஒருவருக்கு இது தொலைதூரச் சங்கதியாகத் தோன்றலாம். அங்கே உறை கிழிந்ததும் கீறல் விழுந்ததுமாக எல்லாம் ஒரே குவியல். எந்தக் கடைக்காக அச்சிட்டது என்று யாரும் கேட்பதில்லை. ஆனால் ஒரு படத்தின் ஆக்கக் கதை யார் கையில் தங்குகிறது என்ற கேள்வி இரண்டு இடத்துக்கும் பொதுவானது.

உறையும் உள்ளடக்கமும்

தனிப்பதிப்புகள் அனைத்தையும் ஒரே தட்டில் வைத்துக் குறை கூறுவது சரியாகாது. 2007இல் வந்த 'டிரான்ஸ்ஃபார்மர்ஸ்' படத்துக்கு டார்கெட் கடைகளில் ஒரு பெட்டி விற்றார்கள். வட்டு வைக்கும் அந்தப் பெட்டியை மடக்கி நிமிர்த்தினால் ஆப்டிமஸ் பிரைம் ஆகிவிடும். நல்ல விளையாட்டு, வேறு கடையில் வாங்கியவர் படத்தைப் பற்றி எதையும் இழக்கவில்லை. உலோக உறைப் பதிப்புகளும் அப்படியே. அழகுக்குக் காசு வாங்குகிறார்கள், கொடுப்பவர் கொடுக்கட்டும்.

உள்ளடக்கத்தைப் பிரிக்கும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. 2013 செப்டம்பரில் வெளியான 'ஸ்டார் டிரெக் இன்டு டார்க்னெஸ்' இதற்கு மோசமான எடுத்துக்காட்டு. பொதுப் பதிப்பில் சில ஆக்கக் காணொளிகளே இருந்தன. மேலும் சில டார்கெட் பதிப்பில் மட்டும். இன்னும் சில பெஸ்ட் பையில் வாங்கியோருக்கு இணையவழியில் மட்டும். படக்குழுவினர் பேசும் உரையொலியோ ஐடியூன்ஸில் வாங்கியவர்களுக்கே கிடைத்தது. ஒரு மேசை வாங்கப் போனவனிடம் காலை இந்தக் கடையிலும் பலகையை அந்தக் கடையிலும் வாங்கிக்கொள் என்று சொன்னது போல. ரசிகர்கள் வெளிப்படையாகவே சினந்தனர். மறுஆண்டு பாரமவுண்ட் நிறுவனம் முந்தைய படத்தையும் சேர்த்து ஒரு தொகுப்பு வெளியிட்டது. சிதறியவை அதில் ஒன்றுசேர்ந்தன, ஐமாக்ஸ் காட்சிகளும் அவற்றின் முழு உயரத்தில் இடம்பெற்றன. முதலில் வாங்கியவர் இரண்டாம் முறையும் பணம் கட்டவேண்டியதாயிற்று.

'அவதார்' கதை இன்னும் வினோதமானது. 2010 ஏப்ரல் 22 அன்று வந்த முதல் வட்டில் படம் மட்டுமே இருந்தது. நவம்பரில் மூன்று வட்டுகள் கொண்ட நீட்டிப்புப் பதிப்பு வந்தது. முப்பரிமாணத்துக்காகவே பேசப்பட்ட அந்தப் படத்தின் முப்பரிமாண வட்டு மட்டும் கடைக்கு வரவில்லை. பானாசோனிக்கின் முப்பரிமாணக் கருவிகளை வாங்கியோருக்கு அது இணைப்பாகத் தரப்பட்டது. தனியே கிடைக்க 2012 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. வட்டுக்காகத் தொலைக்காட்சிப் பெட்டி வாங்குவது என்பது பொத்தானுக்காகச் சட்டை தைப்பதுதான்.

கடைகளுக்கும் ஒரு நியாயம் உண்டு. வட்டு விற்பனை சரிந்துவந்த காலத்தில் வாசலுக்கு ஆளை இழுக்க ஏதாவது வேண்டியிருந்தது. ஆனால் கடை நிலையானதன்று. பெஸ்ட் பை 2024இல் திரைப்பட வட்டு விற்பனையையே நிறுத்திவிட்டது. வட்டு கையில் இருந்தால் பழம்பொருள் சந்தைக்காவது வரும். கடையின் இணையவழியில் மட்டும் தரப்பட்ட காணொளி எந்தச் சந்தைக்கும் வராது.

தமிழில் நடந்தது

தமிழ்த் திரையுலகில் சண்டை வேறு இடத்தில் நடந்தது. இங்கே கேள்வி கூடுதல் காணொளி யாருக்கு என்பதல்ல, படமே முதலில் யாருக்கு என்பது. திருட்டு விசிடி அஞ்சி, தமிழக அரசு 2004இல் அதைக் குண்டர் சட்டத்தின் கீழ்க் கொண்டுவந்தது. 2013இல் 'விஸ்வரூபம்' படத்தைத் திரையரங்குக்கு முன்பே டி.டி.எச். வழி காட்டக் கமல்ஹாசன் முயன்றபோது திரையரங்கு உரிமையாளர்கள் எதிர்த்தனர். 2015இல் சேரன் தன் 'ஜே.கே. எனும் நண்பனின் வாழ்க்கை' படத்தை சி2எச் திட்டத்தில் நேரடியாக டிவிடியாக வீடுகளுக்கு விற்றுப் பார்த்தார், திட்டம் நிலைக்கவில்லை.

இடையில் மோசர் பேயர் வந்தது. விசிடி 28 ரூபாய், டிவிடி 34 ரூபாய் என்ற விலை திருட்டு வட்டோடு மோதுவதற்கானது. அந்த விலையில் படத்தைத் தருவதே பெரிது. வெளிநாட்டுத் தமிழருக்கான ஐங்கரன் வட்டுகளில் ஆங்கில வசனவரிகளாவது இருக்கும். இயக்குநர் காட்சிக்குக் காட்சி பேசிப் பதிவுசெய்யும் வழக்கம் இரண்டு பக்கமும் வேரூன்றவில்லை. மோசர் பேயரும் 2018இல் கலைப்புக்குப் போனது.

இதனால் அதிகம் இழந்தது 'எந்திரன்' (2010) என்றே சொல்லவேண்டும். 1990களின் இறுதியில் கமல்ஹாசன், பிரீத்தி ஜிந்தா ஆகியோரை வைத்து ஒப்பனைச் சோதனை வரை சென்று நின்ற திட்டம் அது. எழுத்தில் பங்கேற்ற சுஜாதா 2008இல் காலமானார், படத்தைப் பார்க்கவில்லை. அசையும் பொம்மைகளுக்கு ஸ்டான் வின்ஸ்டன் நிறுவனத்தார் உழைத்தனர். வி. ஸ்ரீநிவாஸ் மோகனுக்குச் சிறப்புக் காட்சிகளுக்கும் சாபு சிரிலுக்குக் கலை வடிவமைப்புக்கும் தேசிய விருது கிடைத்தது. கைவிடப்பட்ட திட்டம் எப்படி உயிர்பெற்றது, சுஜாதாவின் வரி எங்கே முடிந்து மற்றவர் வரி எங்கே தொடங்குகிறது என்பதையெல்லாம் ஒரு வட்டு பத்திரப்படுத்தியிருக்கலாம். இன்று ஒரு மாணவர் இவற்றைத் தேடினால் தொலைக்காட்சிப் பேட்டிகளையும் துண்டுக் காணொளிகளையும் ஒட்டவைத்துத்தான் பார்க்கவேண்டும்.

அதன் தொடர்ச்சியான '2.0' (2018) முப்பரிமாணத்திலேயே படமாக்கப்பட்டது. அது அமேசான் பிரைமுக்கு வந்தபோது தட்டையான படமாகவே வந்தது. டார்கெட்டின் தனிப்பதிப்பு வாங்கியவருக்கு ஒரு வட்டாவது மிஞ்சும். சந்தா நின்றால் இங்கே அதுவும் இல்லை. உக்கடத்துக் குவியலில் போடக்கூட எதுவும் இருக்காது.