மூளைப் படமும் மாத்திரை அளவும்

மூளையில் ஒரு நரம்புச் செல்லிலிருந்து அடுத்த செல்லுக்குச் செய்தியைக் கொண்டு செல்பவை டோபமின், செரோட்டோனின், குளூட்டமேட் முதலிய நரம்புக் கடத்திகள். ஏற்பிகள் என்னும் புரதங்களில் இவை போய் ஒட்டும்போது செய்தி சேர்கிறது. மனச்சிதைவு, மனச்சோர்வு போன்ற நோய்களில் இந்த வேதிப் போக்குவரத்து எங்கே பிசகுகிறது என்பதை உயிருள்ள மனிதரிடமே பார்க்க வழி செய்தவை பெட், ஸ்பெக்ட் ஆகிய படமெடுப்பு முறைகள். தடங்காட்டி எனப்படும் கதிரியக்கம் ஏற்றிய பொருளை மிகச் சிறு அளவில் இரத்தத்தில் செலுத்துவார்கள். அது குறிப்பிட்ட ஏற்பிகளில் ஒட்டிக்கொள்ளும். அங்கிருந்து வரும் கதிர்களைக் கருவி எண்ணும். 1983இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவ நிலையத்தில் ஹென்றி வாக்னர் தம் தலையையே கருவிக்குள் வைத்து டோபமின் ஏற்பிகளைப் படமெடுத்தார். இத்துறையின் தொடக்கம் அது.

நாற்பது ஆண்டுகளில் இம்முறை தந்த பலன்களுள் முதன்மையானது மருந்தின் அளவு பற்றிய தெளிவு. மனச்சிதைவு மருந்துகள் டோபமினின் டி2 ஏற்பிகளை அடைத்துச் செயல்படுகின்றன. எத்தனை விழுக்காடு அடைத்தால் போதும் என்பது நெடுங்காலம் ஊகமாகவே இருந்தது. ஸ்வீடனின் கரோலின்ஸ்கா நிலையத்தில் லார்ஸ் ஃபார்டே குழுவினர் 1980களில் இதை அளக்கத் தொடங்கினர். டொராண்டோவில் சிதிஜ் கபூர் குழுவினர் 2000இல் வெளியிட்ட ஆய்வு கணக்கை நேர் செய்தது. முதன்முறை நோய்வாய்ப்பட்ட 22 பேருக்கு ஹாலோபெரிடால் என்னும் மருந்தைக் கொடுத்துப் படமெடுத்ததில், ஏறத்தாழ 65 விழுக்காடு ஏற்பிகள் அடைபட்டபோது நோய்க்குறிகள் தணியும் வாய்ப்பு கூடியது. 72ஐத் தாண்டினால் புரோலாக்டின் ஹார்மோன் உயர்ந்தது. 78ஐத் தாண்டினால் கை நடுக்கம், உடல் இறுக்கம் முதலிய பக்கவிளைவுகள் வந்தன. நாளொன்றுக்கு 2 மில்லிகிராம் அளவிலேயே பலருக்கு 65க்கும் 78க்கும் இடைப்பட்ட இந்த அளவை எட்டிவிட முடிகிறது. அதிக மாத்திரை அதிக குணம் தரும் என்ற பழைய நம்பிக்கை இதனால் ஆட்டம் கண்டது.

இரண்டாவது பலன், பிசகு நேரும் இடத்தை நெருங்கிப் பார்த்தது. டோபமின் ஏற்பிகள் பெருகுவதுதான் நோய் என 1986இல் ஓர் ஆய்வு சொல்ல, வேறு தடங்காட்டிப் பொருளைப் பயன்படுத்திய ஸ்வீடன் குழுவினருக்கு அந்தப் பெருக்கம் தென்படவில்லை. பிந்தைய ஆய்வுகள் பார்வையை ஏற்பியிலிருந்து திருப்பின. டோபமினை உருவாக்கி வெளியிடும் செல்லில்தான் மிகை இருக்கிறது என்பதே இன்று வலுவாக நிற்கும் முடிவு.

குறைகள் இந்த இடத்திலேயே தொடங்குகின்றன. அந்த மிகை குழுவின் சராசரி. தனி ஒருவரின் அடையாளம் அன்று. நோயாளிகளின் அளவுகளும் நலமுள்ளோரின் அளவுகளும் பெரிதும் ஒன்றன்மேல் ஒன்று விழுவதால், ஒரு படத்தை மட்டும் வைத்து இன்னாருக்கு மனச்சிதைவு என்று சொல்ல இயலாது. வழக்கமான மருந்துக்குக் கட்டுப்படாத நோயாளிகளிடம் டோபமின் மிகையே காணப்படவில்லை என்று 2012இல் லண்டன் ஆய்வு ஒன்று காட்டியது. அத்தகையோருக்கு உதவும் குளோசபின் என்னும் மருந்தோ டி2 ஏற்பிகளைக் குறைவாகவே அடைக்கிறது. மனச்சோர்வில் செரோட்டோனின் பற்றிய படங்கள் இன்னும் முன்பின் முரணாகவே இருக்கின்றன.

அளவீடும் நேரடியானது அன்று. தடங்காட்டி குறைவாக ஒட்டினால், ஏற்பிகள் குறைந்தனவா, உடலின் சொந்த டோபமின் அவற்றை ஏற்கெனவே பிடித்துக்கொண்டதா என்று படம் பிரித்துச் சொல்லாது. முன்பு உட்கொண்ட மருந்தும் கணக்கைக் குழப்பும். மருந்தே தொடாத நோயாளிகளைப் பற்றிய ஆய்வுகளுக்கு மதிப்பு கூடுவது இதனால்தான். இதில் தமிழ்நாட்டுக்குப் பங்கு உண்டு. சென்னையின் மனச்சிதைவு ஆராய்ச்சி நிறுவனமான ஸ்கார்ஃபின் ஆய்வாளர்கள் பங்கேற்று 1996இல் வெளியான ஆய்வில், ஒருபோதும் மருந்து உண்ணாத மனச்சிதைவு நோயாளிகளிடமும் அசைவுக் கோளாறுகள் காணப்பட்டன. மருந்தின் மேல் மட்டும் போட்ட பழியில் ஒரு பகுதி நோய்க்கே உரியது என்று அது உணர்த்தியது. ஆயினும் மருந்து கிடைக்காமல் ஆண்டுக்கணக்கில் கிடந்தவர்களால்தான் அந்த அறிவு வாய்த்தது என்பதையும் மறக்கலாகாது.

செலவும் தொலைவும் மற்றொரு தடை. டோபமின் ஏற்பிப் படங்களுக்குப் பெரிதும் பயன்படும் கதிரியக்கக் கார்பன்–11, 20 நிமிடத்துக்கு ஒருமுறை பாதியாகிறது. மதுரையில் அதைத் தயாரித்து ராமநாதபுரத்துக்கு அனுப்புவதாக வைத்துக்கொண்டால், இரண்டு மணி நேரப் பயணத்தில் அறுபத்து நான்கில் ஒரு பங்கே மிஞ்சும். ஆறு மணி நேரத்தில் பாதியாகும் டெக்னீசியம் சார்ந்த ட்ரோடாட் படம் இந்திய நகரங்களில் கிடைக்கிறது. நடுக்கம் பார்க்கின்சன் நோயால் வந்ததா, மனநோய் மருந்தால் வந்ததா என்று பிரித்தறிய அது உதவும். மனநோயைக் கண்டறிய உதவாது.

ராமநாதபுரம் மாவட்டத்துக் கடற்கரை ஊரான வாலிநோக்கத்துக்கு அருகில் உள்ள ஏர்வாடியை வைத்து எடைபோட்டால் இம்முறையின் தகுதி துலங்கும். தர்காவை நாடி மனநோயாளிகளை அழைத்து வருவது அங்கே நெடுநாள் வழக்கம். 2001 ஆகஸ்ட் 6 அன்று தர்காவை ஒட்டியிருந்த தனியார் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் மாண்டனர். எந்த வகையிலும் சங்கிலியிடக் கூடாது என்று 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் தடை விதித்திருக்கிறது. அன்று அவர்களுக்கு இல்லாமற்போனது மூளைப் படம் அன்று. மருத்துவரும் மருந்தும் மனித மரியாதையும்.

மருந்து கொடுத்தால் மரக்கட்டையாகிவிடுவான் என்ற அச்சம் குடும்பங்களைச் சிகிச்சையிலிருந்து விலக்கும் காரணங்களுள் ஒன்று. பெட் ஆய்வுகள் தந்த விடை அந்த அச்சத்தைப் பெருமளவு குறைக்க வல்லது: குறைந்த அளவில் தொடங்கு, மெல்ல ஏற்று, இறுக்கம் தெரிந்தால் குறை. நோயாளி கருவிக்குள் படுக்காமலே இந்தப் பலனைப் பெறலாம். ஹாலோபெரிடால் இந்திய இன்றியமையா மருந்துப் பட்டியலில் உள்ளது. அதைக் கொடுக்க, தடங்காட்டிக்கான கதிரியக்கப் பொருளைத் தயாரிக்கும் சைக்ளோட்ரான் தேவையில்லை. நரம்புக் கடத்திப் படமெடுப்பு நோயை அடையாளம் காணும் கருவியாக இன்னும் தேறவில்லை. மருந்தை அளக்கும் படிக்கல்லாகத் தேறிவிட்டது. வாலிநோக்கம் கடற்கரைக்கு வந்து சேர வேண்டியது அந்தப் படிக்கல்லின் கணக்கு.