விழியும் விழி கண்டதும்

கண்ணைக் கயலென்றும் குவளையென்றும் பாடியது நம் இலக்கிய மரபு. ஆயின், அவ்வுவமைகள் யாவும் கண்ணைச் சற்றுத் தூரத்தே நின்று நோக்கியவை. விரற்கடைத் தூரத்துக்குள் சென்று பார்க்கும் ஆற்றலை மனிதனுக்குக் கமராவே அளித்தது. அவ்வாற்றல் எத்தகைய கலையைத் தந்துள்ளது என்பதை நாம் ஆராய்தல் வேண்டும்.

பௌதிகம் பயின்ற ஆர்மேனியக் கலைஞர் சூரென் மன்வெல்யான் 2010-ஆம் ஆண்டளவில் வெளியிட்ட கண் படங்கள் உலகெங்கும் பேசப்பட்டன. கருவிழியின் நார்கள் அவற்றில் மணல்மேடுகளாக விரிகின்றன. பாவை ஆழ்கிணறாகத் தோன்றுகின்றது. இவ்வழகை நாம் மறுக்கவில்லை. அத்துணை நெருக்கத்தில் செல்வனின் கண்ணும் கூலியாளின் கண்ணும் ஒரே அற்புதமாகவே விளங்குகின்றன. எனினும், யாருடைய கண் என்ற வினாவுக்கு அப்படங்களில் விடையில்லை. மனிதன் நிலக்காட்சியாகி விடுகின்றான்.

மான் ரே 1930-களின் தொடக்கத்தில் எடுத்த 'கண்ணாடிக் கண்ணீர்' இதனினும் ஒருபடி அப்பாற் செல்கின்றது. மேல்நோக்கிய விழிகள், கன்னத்திலே கண்ணாடி மணிகள். கண்ணீர் அங்கு அணிகலனாகின்றது. அப்படம் இமைமை விளம்பரத்துக்குப் பயன்பட்டமை தற்செயலன்று. துன்பத்தினின்றும் பிரிக்கப்பட்ட கண்ணீரைச் சந்தை எளிதில் வாங்கிக்கொள்ளும்.

இவற்றுக்கு எதிரே 1984 டிசம்பரில் போபாலில் ரகு ராய் எடுத்த கறுப்பு வெள்ளைப் படத்தை வைத்துப் பார்ப்போம். யூனியன் கார்பைட் தொழிற்சாலையின் நச்சுவாயு கொன்ற குழந்தையொன்று புதைக்கப்படுகின்றது. விழிகள் திறந்தபடி இருக்கின்றன. கலைஞர் மிக நெருங்கியே நிற்கின்றார். ஆயினும் சுற்றியுள்ள மண்ணையும், முகத்தைத் தொடும் கையையும் அவர் வெட்டிவிடவில்லை. குழந்தையின் பெயரை நாம் அறியோம். அதன் சாவுக்குக் காரணத்தை அறிவோம். நெருக்கம் இங்கே சாட்சியமாகின்றது.

இவ்விவாதம் நமக்குத் தூரதேசத்து விவாதமன்று. 2017 பெப்ரவரி 20-ஆம் நாள் கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயில் முன்றலில், காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் போராட்டத்தைத் தொடங்கினர். வவுனியாவிலும் முல்லைத்தீவிலும் அது அவ்வாண்டிலேயே பரவி, ஆண்டுக்கணக்கில் நீடித்தது. 2009 மே மாதத்தில் படையினரிடம் தம் கையாலேயே பிள்ளைகளை ஒப்படைத்த தாய்மாரும் அவர்களுள் அடங்குவர். அவர்தம் கைகளிலே பிள்ளைகளின் படங்கள் இருந்தன. அடையாள அட்டைக்கென எடுத்த சிறு படத்தைப் பெரிதாக்கினால் விழி வெறும் புள்ளிகளாகச் சிதறும். கலைநுட்பம் என்று கூற அதிலே எதுவுமில்லை. ஆனால் அந்தப் புள்ளிகளுக்கு ஒரு பெயருண்டு, ஊருண்டு, கேட்கப்படும் கேள்வியுமுண்டு.

அத்தாயின் நீர் ததும்பும் கண்ணை மட்டும் நெருங்கி எடுத்து, கையிலுள்ள படத்தைச் சட்டத்துக்கு வெளியே தள்ளிவிட்டால் எஞ்சுவது என்ன? பார்ப்போர் இரங்குவர்; வியப்பர்; பின் அடுத்த படத்துக்குச் செல்வர். அவள் கேட்பதோ இரக்கமன்று, பதில். அவளுடைய கேள்வி அறுபட, கண் மாத்திரம் கலைப்பொருளாகி விடுகின்றது.

நெருங்கிச் செல்வது குற்றமன்று. எதை வெளியே விட்டு நெருங்குகின்றோம் என்பதிலேயே கலைஞனின் கட்சி வெளிப்படுகின்றது. கண்ணின் அழகைக் காட்டக் கற்றுக்கொண்ட கமரா, அக்கண் கண்டதையும் காட்டக் கற்றல் வேண்டும். வன்னி மக்கள் கலையிடம் எதிர்பார்ப்பது இதனையே.