பிராக்டிகல் நர்ஸும் அயல்நாட்டு யோக்கியதையும்

பிணியாளரின் படுக்கையருகே நின்று இரத்த அழுத்தம் பார்த்து, புண்ணைக் கழுவிக் கட்டி, நேரந் தவறாமல் மருந்து கொடுத்து, எழுந்து நடக்க இயலாதவரைக் குளிப்பாட்டி உடுத்திவிடும் பணியை, ஓராண்டோ ஈராண்டோ பயின்று மேற்கொள்ளும் தாதியர் வகுப்பு ஒன்று பல தேசங்களில் உண்டு. அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் அவர்களை லைசென்ஸ்டு பிராக்டிகல் நர்ஸ் என்கிறார்கள். கலிபோர்னியாவிலும் டெக்ஸாஸிலும் வொகேஷனல் நர்ஸ். ஆஸ்திரேலியாவிலும் சிங்கப்பூரிலும் என்ரோல்டு நர்ஸ். நம் நாட்டில் இவர்களுக்கு ஏறத்தாழ நிகராகச் சொல்லத்தக்கவர் ஏ.என்.எம். படித்த துணைச் செவிலியர். (பிராக்டிகல் நர்ஸ் என்று ஒரு வகுப்பாருக்குப் பெயரிட்டவர்கள், மற்ற நர்ஸுகளை என்னவென்று கருதினார்களோ, தெரியவில்லை.) ஒரு நாட்டில் இவ்வாறு பயின்றவர் மற்றொரு நாட்டில் அதே பணியைச் செய்ய யோக்கியதை பெறலாமா என்றால், பெறலாம் என்றே அநேக தேசங்களின் சட்டம் சொல்கிறது. அந்த 'லாம்' எவ்வளவு தூரம் மெய் என்பதுதான் விசாரிக்க வேண்டிய விஷயம்.

முதலில் இம்முறையின் சிறப்பைச் சொல்லிவிடுவது நியாயம். அமெரிக்காவில் பிராக்டிகல் நர்ஸாக விரும்பும் எவரும், உள்ளூரில் பயின்றவராயினும் கடல் கடந்து வந்தவராயினும், என்கிளெக்ஸ்-பி.என். என்னும் ஒரே பரீட்சையில் தேற வேண்டும். குறைந்தது 85, மிகுந்தால் 150 கேள்விகள்; அவகாசம் ஐந்து மணி நேரம்; ஒரு கேள்விக்குச் சரியாக விடையளித்தால் அடுத்ததைக் கடினமாக்கியும், தவறினால் எளிதாக்கியும், எழுதுபவரின் தரத்தைக் கணிப்பொறியே படிப்படியாக அளந்து கொள்கிறது. 2023 ஏப்ரல் முதல், நோயாளி ஒருவரின் நிலைமையை முழுவதும் விவரித்து, இந்தக் கட்டத்தில் நீ என்ன செய்வாய் என்று கேட்கும் பகுதியும் சேர்ந்திருக்கிறது. எழுதுபவரின் ஊரும் நிறமும் அந்தப் பொறிக்குத் தெரியா. இன்சுலின் அளவில் நேரும் ஒரு பிழை உயிரையே கொண்டுபோய்விடக்கூடிய தொழிலில், இத்தகைய பொது அளவுகோலை வேண்டாமென்று சொல்ல எவருக்கும் வாய் வராது.

குறை பரீட்சையில் இல்லை. பரீட்சை மண்டபத்துக்கு முன்னும் பின்னும் இருக்கிறது.

முன்னே இருப்பது பாடத்திட்ட ஒப்பீடு. கனடாவில் கியூபெக் நீங்கலான பிற மாகாணங்களுக்காக 2014-இல் தோன்றிய தேசிய நர்ஸிங் மதிப்பீட்டுச் சேவை, விண்ணப்பதாரர் படித்த பள்ளியிலிருந்து பாடத்திட்டத்தையும், பணி செய்த இடங்களிலிருந்து சான்றுகளையும் தருவித்து, கனடியப் படிப்போடு ஒவ்வோர் அம்சமாக வைத்துப் பார்த்து, ஒத்தது, ஓரளவு ஒத்தது, ஒவ்வாதது என்று முடிவு கூறி வந்தது. முறை கேட்பதற்கு நேர்மையாகவே இருக்கிறது. ஆயின் நம் துணைச் செவிலியரை அந்தத் தராசில் வைத்துப் பாருங்கள். சமவெளியில் ஐயாயிரம் பேருக்கு ஒன்று என்ற கணக்கில் அமைந்த துணை சுகாதார நிலையத்துக்காக அவரைத் தயாரிக்கிறோம். கர்ப்பிணிகளைக் கண்காணிப்பதும், பிரசவம் பார்ப்பதும், குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடுவதும் அவர் கற்ற வித்தை. கனடியப் பிராக்டிகல் நர்ஸோ முதியோர் இல்லத்திலும் அறுவை சிகிச்சை வார்டிலும் நிற்பவர். பிரசவம் பார்ப்பது அவர் பொறுப்பன்று. இருவரும் ஈராண்டே படித்திருந்தாலும் ஒருவர் கற்றது மற்றவருக்குப் பயன்படாமல் போகிறது. தனியாக நின்று ஒரு பிரசவத்தை நடத்தி முடிக்கக் கூடியவர், காகிதத்தில் 'ஒவ்வாதவர்' ஆகிவிடுகிறார். அந்தத் தீர்ப்பு முற்றிலும் தவறென்று நான் சொல்லவில்லை. முதியோர் பராமரிப்பை அவர் உண்மையிலேயே விரிவாகக் கற்றிருக்க மாட்டார். இல்லாததைக் கணக்கிடும் தராசு, இருப்பதைக் கணக்கிடுவதில்லை என்பதே என் முறையீடு.

காலதாமதமோ இதனினும் கொடியது. சமீபத்திய மூன்றாண்டுகளுக்குள் நர்ஸாகப் பணியாற்றியிருக்க வேண்டும் என்ற விதி கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் நெடுங்காலம் நடப்பில் இருந்தது. காகிதங்கள் வந்து சேர்ந்து மதிப்பீடு முடிவதற்குள் ஓராண்டும் அதற்கு மேலும் கடந்துவிட, அதுவரை முதியோர் இல்லத்தில் உதவியாளராக வயிறு கழுவிக்கொண்டிருந்த நர்ஸுக்கு, காத்திருந்த காலமே தகுதிக் குறைவாக வந்து விடிந்தது.

பின்னே இருப்பது குடியேற்றச் சட்டம். அமெரிக்காவில், பிராக்டிகல் நர்ஸுக்கு மேல்படியிலுள்ள ரெஜிஸ்டர்டு நர்ஸுகளுக்குப் பற்றாக்குறை என்பதை அரசாங்கமே ஒப்புக்கொண்டு, 'ஷெட்யூல் ஏ' என்ற பட்டியலில் அவர்களைச் சேர்த்து, உள்நாட்டார் எவரும் கிடைக்கவில்லை என்று முதலாளி நிரூபிக்கும் சிரமத்தை நீக்கியிருக்கிறது. பிராக்டிகல் நர்ஸுக்கு அந்தச் சலுகை இல்லை. மேலும், ஈராண்டுப் பயிற்சியையோ அனுபவத்தையோ வேண்டும் வேலைதான் தேர்ச்சி பெற்ற வேலை என்று சட்டம் வரையறுக்க, பிராக்டிகல் நர்ஸின் படிப்போ அங்கே ஏறக்குறைய ஓராண்டுதான். ஆகவே அவர் 'பிற தொழிலாளர்' என்ற, ஆண்டுக்கு 10,000 இடங்களுக்கு மேற்படாத, நீண்ட வரிசையின் கடைசியில் போய் நிற்கிறார். இத்தனைக்கும் 1996-ஆம் ஆண்டுச் சட்டம், படிப்பும் ஆங்கிலமும் சரிபார்க்கப்பட்ட சான்றிதழை அவரிடமும் கட்டாயமாகக் கேட்கிறது. ஊசி போட லைசென்ஸ் வேண்டும் என்று வற்புறுத்தும் அதே தேசம், குடியேற வருகையில் அவரைத் தேர்ச்சி தேவையற்ற கூலியாளாகப் பாவிக்கும் இந்த விநோதத்துக்குச் சமாதானம் சொல்லக்கூடியவரை நான் இன்னும் சந்திக்கவில்லை.

கனடாவில் குடியேற்ற வாசல் இவ்வளவு இறுக்கமானதன்று. ஆனால் அங்கே வேறொரு காட்சி: 2005 முதல் ஒன்டாரியோவில் ரெஜிஸ்டர்டு நர்ஸாவதற்குப் பட்டப்படிப்பு அவசியம் என்றானதும், நம் நாட்டில் மூன்றாண்டு டிப்ளமோ படித்து, பெரிய ஆஸ்பத்திரிகளின் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் பழகியவர்கள் அங்கே பிராக்டிகல் நர்ஸாகப் பதிவு பெற்றார்கள். மேல்படியில் நின்றவர் இந்தப் படிக்கு இறங்கிவர, இதே படியில் நின்ற துணைச் செவிலியர் வாசலுக்கு வெளியே போனார். இது புதிய கதையுமன்று. 1943-ஆம் ஆண்டுச் சட்டத்தால் பிரிட்டனில் தோன்றிய என்ரோல்டு நர்ஸ் என்னும் ஈராண்டுப் பயிற்சியில், யுத்தத்துக்குப் பின் மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து வந்த இளம்பெண்கள் பலரை, மூன்றாண்டுப் படிப்புக்குத் தகுதி இருந்தும், விவரம் சொல்லாமலே சேர்த்துவிட்டார்கள். அந்தச் சான்றிதழுக்குத் தங்கள் சொந்தத் தீவில் மதிப்பில்லை என்பதைப் பிற்பாடே அவர்கள் அறிந்தார்கள்.

திருத்தம் அசாத்தியமன்று. 2023-இல் கனடாவின் நோவா ஸ்கோஷியா மாகாணம், இந்தியா, பிலிப்பைன்ஸ், நைஜீரியா முதலிய ஏழு நாடுகளில் பதிவு பெற்ற நர்ஸுகள் நீண்ட ஒப்பீடின்றி நேரே பரீட்சைக்குப் போக வழி திறந்தது. பரீட்சையை முதலில் வைத்து, தேறியவர்களைச் சில மாதங்கள் வார்டில் மூத்த நர்ஸின் மேற்பார்வையில் பணிபுரியச் செய்து, குறைகளை அங்கேயே நிரப்புவதுதான் சரியான வரிசை என்பது என் அபிப்பிராயம். நோயாளியின் பாதுகாப்புக்கும் அதனால் குந்தகமில்லை.

அதுவரை, அமெரிக்காவில் பிராக்டிகல் நர்ஸ் வேலை என்று ஆசை காட்டும் ஏஜெண்டிடம் நகையை விற்றுப் பணம் கட்டப் போகும் பெண்ணுக்கு ஒரு வார்த்தை: லைசென்ஸ் யார் தருவார்கள், விசா எந்தப் பிரிவில் என்று இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள்; முதல் கேள்விக்கு மட்டும் பதில் சொல்பவரிடம் பணத்தைக் கொடுக்காதீர்கள்.