ஊதாங்குழலும் ரத்தக்குழாயும்

எலவனாசூர்கோட்டை பக்கத்து ஊர்களில் முள்விறகும் வரட்டியும் இன்னும் அடுப்பேறுகின்றன. கேஸ் வந்த வீட்டிலும் வெந்நீருக்குக் கொல்லையில் விறகடுப்புதான். நாற்பது வருஷம் ஊதாங்குழல் ஊதிய ஒரு அம்மா, இளைப்பு தாங்காமல் ஆஸ்பத்திரிக்குப் போனால் அங்கே இன்னொரு குழலைக் கொடுத்து ஊதச் சொல்கிறார்கள். மருந்து உறிஞ்சிய பிறகும், முதல் விநாடியில் வெளிவரும் காற்று மொத்தத்தில் பத்தில் ஏழு பங்குக்குக் குறைந்தால் அது சி.ஓ.பி.டி. என்னும் நாள்பட்ட மூச்சடைப்பு நோய்.

மூச்சுக்குழாய் குறுகிவிட்டதை அந்த ஊதல் காட்டும்; உள்ளே என்ன எரிகிறது என்று காட்டாது. நுரையீரல் சதையைக் கிள்ளி எடுப்பதும் லேசான காரியமில்லை. அதனால்தான் ஆய்வாளர்கள் ரத்தத்தின் பக்கம் திரும்பினார்கள். நுரையீரல் வழியாக ஓயாமல் சுற்றிவரும் வெள்ளணுக்களில் எந்த ஜீன் மும்முரமாக வேலை செய்கிறது, எது அடங்கிக் கிடக்கிறது என்பதை ஆர்.என்.ஏ.வை அளந்து அறியலாம். அமெரிக்காவின் சி.ஓ.பி.டி.ஜீன் ஆய்வில் சேர்ந்த 136 பேரின் ரத்த அணுக்களை வைத்து 2013இல் வந்த கட்டுரை, மூச்சுத்திறன் குறைவோடு சேர்ந்து அழற்சி ஜீன்களும் செராமைடு போன்ற கொழுப்புகளைக் கையாளும் ஜீன்களும் மாறுவதைக் காட்டியது.

இங்கே நிதானம் வேண்டும். நோயில் நியூட்ரோபில் என்ற வெள்ளணு கூடினாலே அதன் ஜீன்கள் எல்லாம் ஏறியதுபோலத் தெரியும். ஸ்டீராய்டு மருந்தும் கணக்கை மாற்றும். சிகரெட்டுக்கும் தனி முத்திரை உண்டு: புகைப்பவர் ரத்தத்தில் எல்.ஆர்.ஆர்.என்.3 என்ற ஜீன் ஏறி நிற்கும். சி.ஓ.பி.டி.ஜீன் திரட்டியதோ பெரும்பாலும் புகைப்பவர்களை. பீடியைத் தொட்டே பார்க்காத நம் பெண்களின் நோயை அந்த வாசிப்பு எப்படிச் சொல்லும்?

நோய் இருப்பது உண்மை. திருவள்ளூர் மாவட்டக் கிராமங்களில் புகைக்காத 900 பெண்களைச் சோதித்து 2011இல் வெளியான ஆய்வு, 2.44 சதவீதம் பேருக்கு சி.ஓ.பி.டி. கண்டது. கொல்கத்தாவின் சித்தரஞ்சன் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தார், விறகில் சமைக்கும் பெண்களின் ரத்தத்தில் வெள்ளணுக்களும் தட்டணுக்களும் கிளர்ந்து ஒன்றோடொன்று ஒட்டுவதை 2006இல் எழுதினார்கள். புகை ரத்தம் வரை எட்டுகிறது என்பதற்கு இது போதும்.

நம் கள்ளக்குறிச்சி மாவட்டமே உலக ஆய்வொன்றின் களம். விறகுக்குப் பதில் கேஸ் கொடுத்துப் பார்த்த ஹாப்பின் சோதனை, போரூர் ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தின் கல்பனா பாலகிருஷ்ணன் இந்தியப் பகுதியை நடத்த, இங்கும் நாகப்பட்டினத்திலும் நடந்தது. குவாத்தமாலா, பெரு, ருவாண்டாவையும் சேர்த்துச் சுமார் 3,200 கர்ப்பிணிகள். கேஸ் கொடுத்த வீட்டில் பெண்கள் சுவாசித்த நுண்துகள் கனமீட்டருக்கு 24 மைக்ரோகிராம். விறகு வீட்டில் 71. ஆனாலும் குழந்தைகளின் பிறப்பு எடையில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. புகை தீங்கற்றது என்று இதைப் படிக்க மாட்டேன். அந்தப் பெண்கள் பிறந்த நாள் முதல் உள்ளே போன புகையைக் கர்ப்பகாலத்தில் வந்த சில மாத கேஸ் கழுவிவிடுமா? சி.ஓ.பி.டி.யைத் தேடிய ஆய்வும் அல்ல அது.

வயதான அம்மாக்களின் ரத்தத்தையும் இங்கேயே படிக்க வேண்டும். சாதாரணக் குழாயில் எடுத்தால் சில மணி நேரத்திலேயே ஆர்.என்.ஏ. மாறத் தொடங்கும்; அதை நிலைநிறுத்தும் திரவம் கொண்ட குழாய் கல்வராயன்மலை வெள்ளிமலை வரை போய்ச் சேர வேண்டும். நோயாளியின் மருத்துவக் குறிப்பேட்டிலும் ‘புகைப்பழக்கம்: இல்லை’ என்பதோடு பேனாவை மூடக் கூடாது. தினமும் அடுப்படியில் எத்தனை மணி நேரம், எத்தனை வருஷம் என்று கேட்டுப் பெருக்கி எழுதலாம். ஐந்து மணி, நாற்பது வருஷம்: இருநூறு.