பெயரின்றி வந்த கவிதைகள்

1946ஆம் ஆண்டு, போலந்து நாட்டுக் கார்மேல் துறவியர் நடத்திய ‘கார்மேலின் குரல்’ என்னும் பக்தி இதழில் நெடுங்கவிதை ஒன்று வெளியாயிற்று. ‘மறைந்திருக்கும் இறைவனைப் பற்றிய பாடல்’ என்பது அதன் தலைப்பு. எழுதியவர் பெயர் அச்சிடப்படவில்லை. நான்காண்டுகள் கழித்து, 1950இல், கிராக்கோவ் நகரின் கத்தோலிக்க வார இதழான ‘திகொத்னிக் பொவ்ஷெக்னி’யில் ‘நீரின் ஒளி பற்றிய பாடல்’ வந்தது. இம்முறை பெயர் இருந்தது: அந்திரேய் யாவியென். அது புனைபெயர். அப்பெயருக்குப் பின்னால் இருந்தவர் முப்பது வயதை எட்டிக்கொண்டிருந்த ஓர் உதவிப் பங்குத்தந்தை, கரோல் வொய்த்திவா. நாம் இரண்டாம் அருள் சின்னப்பர் என்று அழைத்துப் பழகிய, 1986 பிப்ரவரியில் சென்னைக்கு வந்து சென்ற, 2014இல் புனிதராக அறிவிக்கப்பெற்ற திருத்தந்தை அவரே.

திருத்தந்தை எழுதிய கவிதை என்றதும் நமக்குக் கைகூப்பத் தோன்றுகிறதே ஒழியப் படிக்கத் தோன்றுவதில்லை. புனிதரின் எழுத்தைத் திருப்பண்டம்போல் பேணி வைப்பது எளிது. அதிலுள்ள ஒரு வரி நன்றாயிருக்கிறது, மற்றொரு வரி தேறவில்லை என்று சொல்வதற்குத்தான் துணிவு வேண்டியிருக்கிறது. ஆயினும் பெயரை மறைத்து எழுதியவர் நம்மிடம் கேட்டது அந்தத் துணிவைத்தான் என்று கருதுகிறோம். எழுதியவர் குருவா பொதுநிலையினரா என்பதறியாமல் வாசகர் அக்கவிதைகளை எடைபோட வேண்டும் என்று அவர் விரும்பினார். அந்த விருப்பத்திற்கு மதிப்பளித்து அவருடைய தொடக்க காலக் கவிதைகளையும், அவற்றை உருவாக்கிய நண்பர் குழாத்தையும் இங்கே சற்று நின்று பார்ப்போம்.

வாதோவித்சே என்னும் சிற்றூரில் 1920இல் பிறந்த வொய்த்திவா, ஒன்பது வயதை எட்டும் முன்னரே தாயை இழந்தவர். பள்ளி நாள்களில் நாடகப் பித்து. 1938இல் தந்தையுடன் கிராக்கோவுக்குக் குடிபெயர்ந்து, யாகியலோனியப் பல்கலைக்கழகத்தில் போலந்து மொழியும் இலக்கியமும் பயிலச் சேர்ந்தார். சேர்ந்த சில வாரங்களுக்குள்ளாகவே, அக்டோபர் மாதத்தில், இளங்கவிஞர் சிலருடன் கவியரங்கில் நின்று தம் கவிதைகளைப் படித்தார். ‘ஸ்டுடியோ 38’ என்னும் நாடகக் குழுவில் சேர்ந்து, 1939 ஜூனில் அக்குழு நடத்திய கேளிக்கை நாடகமொன்றில் விண்மீன் கூட்டத்து ரிஷபமாகவும் வேடமேற்றார். பிற்காலத் திருத்தந்தையைக் காளை வேடத்தில் எண்ணிப் பார்க்கையில் நமக்குச் சிரிப்பு வருகிறது, வரட்டும்.

அந்த 1939ஆம் ஆண்டில் அவர் எழுதிக் குவித்தவை ‘மறுமலர்ச்சிச் சங்கீதங்கள்’ என்னும் தொகுதியாயின. ‘ஸ்லாவிய நூல்’ என்று அதற்கு ஒரு துணைத் தலைப்பும் உண்டு. பல பத்தாண்டுகளுக்குப் பிறகே அவை முழுமையாக அச்சேறின. பத்தொன்பது வயது இளைஞனின் ஆர்வமும் அகங்காரமும் அவற்றில் ஒருங்கே தெரிகின்றன. ஸ்லோவாத்ஸ்கி முதலிய பெருங்கவிஞர்களைப் படித்த மயக்கம் தெளியாத நிலை. ஒரு உவமை போதுமான இடத்தில் மூன்று நிற்கின்றன. நாடு, இனம், ஆவி, இசை என்று பெருஞ்சொற்கள் ஒன்றையொன்று இடித்துக்கொள்கின்றன. தாவீதின் சங்கீதங்களைத் தலைப்பில் நினைவூட்டுபவர், அச்சங்கீதங்களின் சொற்செட்டை மட்டும் எடுத்துக்கொள்ளத் தவறிவிட்டார். ஆனால் அதே ஆண்டில் எழுதிய ஒரு சிறு கவிதை இவற்றுக்கு முற்றிலும் வேறானது. தாயின் வெண்ணிறக் கல்லறையருகே நிற்கும் மகன் பேசுகிறான். அங்கே ஸ்லாவிய இனமும் இல்லை, மறுமலர்ச்சியும் இல்லை. தாயின்றிக் கழிந்த ஆண்டுகளை எண்ணிப் பார்க்கும் ஒரு பிள்ளை மட்டுமே உண்டு. பெருந்தொகுதி தராத நம்பிக்கையை அந்தச் சில அடிகள் நமக்குத் தருகின்றன: இவன் கவிஞன், சொல்லை அடக்கக் கற்றுக்கொண்டால்.

கற்றுக்கொள்ளும் கட்டாயத்தை வரலாறு ஏற்படுத்தியது. 1939 செப்டம்பரில் ஜெர்மானியப் படை புகுந்தது. நவம்பர் 6ஆம் நாள், கூட்டமொன்றுக்கென அழைக்கப்பட்ட பேராசிரியர்கள் பல்கலைக்கழக மண்டபத்திலேயே கைது செய்யப்பட்டு, பெரும்பாலோர் சாக்சன்ஹவுசன் வதைமுகாமுக்கு அனுப்பப்பட்டனர். பல்கலைக்கழகம் மூடப்பட்டது; போலந்து நாடக அரங்குகளும் மூடப்பட்டன. 1940இல் மாணவர் வொய்த்திவா ஜக்ஷூவெக் கல்குவாரியில் தொழிலாளியானார். பின்னர் சால்வே வேதியியல் ஆலையில் வேலை. அந்நாள்களில் ‘யோபு’, ‘எரேமியா’ என்னும் இரு நாடகங்களை எழுதினார். அவற்றுக்கு முந்திய ‘தாவீது’ நமக்குக் கிடைக்காமல் போயிற்று. 1941 பிப்ரவரியில் தந்தையும் இறந்தார். வீட்டில் வேறெவரும் இல்லை.

அந்த வெறும் வீட்டிற்குத்தான் அவ்வாண்டு கோடையில் மியெச்சிஸ்லாவ் கொத்லார்சிக் மனைவியோடு வந்து குடியேறினார். வாதோவித்சேயில் ஆசிரியராகவும் நாடக இயக்குநராகவும் இருந்தவர். ஆகஸ்டில் இருவரும் நண்பர் சிலரும் கூடி ஒரு தலைமறைவு அரங்கைத் தொடங்கினர். ‘ராப்சோடி அரங்கு’ என்பது பிற்காலத்தில் அதற்கு நிலைத்த பெயர். நவம்பர் முதல் நாள், புனிதர் அனைவர் திருநாளன்று, ஸ்லோவாத்ஸ்கியின் ‘ஆவி அரசன்’ முதல் நிகழ்ச்சியாக நடந்தது. மேடையில்லை, திரையில்லை, ஒப்பனையில்லை. நம்பத்தகுந்த சிலர் ஒரு வீட்டு அறையில் அமர்ந்திருக்க, நடிப்பவர் நின்று சொல்லுவார். கையசைவும் முகபாவமும் மிகக் குறைவு. சொல்லே எல்லாவற்றையும் சுமக்க வேண்டும் என்பது கொத்லார்சிக்கின் கண்டிப்பான விதி. பிடிபட்டால் வதைமுகாம்.

நம் முன்னோர் நூலை அரங்கேற்றிய பிறகே நூலென்று ஒப்புக்கொண்டனர். இந்த இளைஞனுக்கோ ஒவ்வொரு வாரமும் அரங்கேற்றமாயிருந்தது. ஆலை வேலை முடிந்து வந்து, பிறர் எழுதிய செய்யுளை உரக்கச் சொல்லி, எந்தச் சொல் செவியில் தங்குகிறது, எது காற்றோடு போகிறது என்பதை நண்பர்களின் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டார். 1942 நவம்பரில் மித்ஸ்கியேவிச்சின் ‘பான் தாதேயுஷ்’ காவியப் பகுதியை அவர் சொல்லிக்கொண்டிருந்தபோது, தெருவில் ஜெர்மானிய ஒலிபெருக்கி தன் படையின் வெற்றிச் செய்தியை முழங்கத் தொடங்கிற்று. அவர் நிறுத்தவில்லை, குரலை உயர்த்தவுமில்லை. எதுவும் நிகழாததுபோல் அதே குரலில் சொல்லி முடித்தார். வீரச் செயலென்று இதைப் பலர் எழுதியுள்ளனர். நமக்கு இது ஒரு கவிதைப் பாடமாகவும் படுகிறது. முழக்கத்தோடு போட்டியிடாத சொல்லையே பிற்பாடு அவர் எழுத முயன்றார். 1939ஆம் ஆண்டின் இரைச்சல் மீண்டும் அவர் கவிதைக்குள் வரவேயில்லை.

அந்த 1942ஆம் ஆண்டு இலையுதிர் காலத்திலேயே அவர் கர்தினால் சபீகா பின்னாளில் ஆன பேராயர் இரகசியமாக நடத்திய குருமடத்தில் சேர்ந்திருந்தார். அரங்கத் தோழர்களுக்கு இது பேரிடி. கொத்லார்சிக் தடுத்துப் பார்த்தார். இன்னொரு நண்பர் தாலந்து உவமையையே எடுத்துக் காட்டி, கொடுக்கப்பட்ட திறமையைப் புதைக்கலாமா என்று ஓரிரவு முழுதும் வாதிட்டார். உவமையை நண்பர் பயன்படுத்தியதில் தவறு காண நமக்கு மனமில்லை; கலையைக் கடவுளின் கொடை என்று நம்பியவர் வேறெப்படிப் பேசியிருப்பார்? ஆனால் இன்னொரு குரல் அதற்கு முன்பே அவரிடம் பேசியிருந்தது. யான் திரனோவ்ஸ்கி என்னும் தையற்காரர், இளைஞர்களை ‘வாழும் செபமாலை’ என்னும் குழுவாகக் கூட்டி வழிநடத்திய பொதுநிலையினர், புனித சிலுவை அருளப்பரின் நூல்களை அவர் கையில் கொடுத்திருந்தார். திரனோவ்ஸ்கி 2017இல் வணக்கத்திற்குரியவராக அறிவிக்கப்பட்டார்.

முதலில் சொன்ன ‘மறைந்திருக்கும் இறைவனைப் பற்றிய பாடல்’ இந்த இரு பள்ளிகளும் சேர்ந்து தந்த பிள்ளை. 1944இல் எழுதப்பட்டது. கடற்கரை, அமைதி, வற்றாத கதிரவன் என்று மிகச் சில படிமங்களே மீண்டும் மீண்டும் வருகின்றன. அணிகள் உதிர்ந்துவிட்டன, அடிகள் சுருங்கிவிட்டன. நற்கருணைமுன் மௌனமாக அமர்ந்திருப்பவரின் மூச்சு அதில் கேட்கிறது. ஆனால் குறையொன்றும் உண்டு. அக்கவிதையில் ஆன்மாவும் இறைவனும் இருக்கிறார்கள். மற்ற மனிதர் அநேகமாக இல்லை. போரின் நடுவில், நண்பர்கள் பிடித்துச் செல்லப்பட்ட நகரில் எழுதப்பட்ட கவிதை இது என்று வாசகர் ஊகிக்க வழியில்லை. ஞானியின் வழி அது என்று சிலர் சொல்லலாம். நாமோ, கவிஞர் அப்போது தம் ஆசானான அருளப்பரின் நிழலைவிட்டு இன்னும் வெளிவரவில்லை என்றே சொல்வோம்.

‘நீரின் ஒளி பற்றிய பாட’லில் வெளிவருகிறார். யாக்கோபின் கிணற்றருகே சமாரியப் பெண். இங்கே கவிஞர் தம் குரலை ஒதுக்கிவிட்டு அவளைப் பேச விடுகிறார். அவ்வாண்டு டிசம்பரில் வெளியான ‘அன்னை’யில் மரியா பேசுகிறார், யோவான் பேசுகிறார். 1958இல் வந்த ‘சீரேனே ஊரானின் முகத்தோற்றங்க’ளில் பார்வையற்றவர், நடிகர், ஆயுத ஆலைத் தொழிலாளி என்று ஒரு கூட்டமே பேசுகிறது. பிறருடைய சொல்லைத் தன் உடலில் ஏற்றிச் சொல்லும் பயிற்சி, அந்த இருட்டறை அரங்கில் பெற்றது, இங்கே கவிதை வடிவமாகிவிட்டது.

ஆயினும் சமாரியப் பெண்ணை நற்செய்தியில் உள்ளவளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். யோவான் நற்செய்தியின் நான்காம் அதிகாரத்தில் அவள் வாதாடுகிறாள், இடக்காகக் கேட்கிறாள், மழுப்புகிறாள், குடத்தை மறந்துவிட்டு ஊருக்குள் ஓடுகிறாள். கவிதையில் வருபவளோ தன் அகத்தைத் தானே ஆராய்ந்துகொண்டு நிற்கிறாள். தண்ணீர் சேந்த வந்தவள் தத்துவ வகுப்பிலிருந்து வந்தவள்போல் பேசுகிறாள். வொய்த்திவாவின் கவிதைகளில் நிலையாக உள்ள குறை இதுதான்: யாருக்குக் குரல் கொடுத்தாலும் அக்குரலின் அடியில் அவருடைய சிந்தனையே ஓடுகிறது. மரியாவின் தனிமொழியிலும் இதே தயக்கம் நமக்கு உண்டு. அங்கே பொருளின் கனிவு அதை ஓரளவு மறைத்துவிடுகிறது.

இக்கவிதைகளை வெளியிட்ட வார இதழைப் பற்றி ஒரு சொல். பேராயர் சபீகாவின் ஆதரவில் 1945 மார்ச்சில் தொடங்கி, யெர்ஸி துரோவிச் என்னும் பொதுநிலையினர் ஆசிரியராக இருந்த இதழ் அது. 1953இல் ஸ்டாலின் இறந்தபோது இரங்கல் கட்டுரை வெளியிட மறுத்ததால் பறிக்கப்பட்டு, 1956இன் இறுதியில்தான் உரியவர்களிடம் திரும்பி வந்தது. அதே 1953இல் ராப்சோடி அரங்கையும் அரசு மூடியது. அரங்கு 1957இல் மீண்டும் திறக்கப்பட்டபோது, திரும்பி வந்த இதழில் அதைப் பாராட்டிக் கட்டுரை எழுதியவர் அந்திரேய் யாவியென்! குருவான பின்னும் அவர் தோழர்களை விட்டுவிடவில்லை. தாலந்தைப் புதைக்காதே என்று வாதிட்ட நண்பருக்கு அது ஒரு பதிலாயிருந்திருக்கும்.

அவர் கவிதைகளில் நாம் முதலிடம் தருவது ‘கல்குவாரி’க்கு. 1956இல் எழுதி, அடுத்த ஆண்டு ‘ஸ்நாக்’ மாத இதழில் வெளியிட்டார். ஜக்ஷூவெக்கில் கல்லுடைத்து பதினாறு ஆண்டுகள் ஆகியிருந்தன. கொப்பளித்த கையோடு வந்த அன்றிரவே எழுதியிருந்தால் 1939ஆம் ஆண்டு நடையில் ஒரு புலம்பல் கிடைத்திருக்கும். அவர் காத்திருந்தார். சுத்தியலின் எடை, கல்லின் பிளவு, கைகளுக்குள் ஓடும் சினம் ஆகியவை இங்கே கண்முன் நிற்கின்றன. வேலையின் பெருமையைப் பாடும் ஆலைப் பாட்டுகள் அரசின் ஏற்புடன் மலிந்திருந்த காலத்தில், உழைப்பாளியின் அன்பையும் சினத்தையும் ஒரே மூச்சில் சொன்ன கவிதை இது. எழுதப்பட்ட அதே ஆண்டு ஜூனில் போஸ்னான் நகரத் தொழிலாளர் கிளர்ந்தெழுந்து சுடப்பட்டிருந்தனர். 1957இன் வாசகர் அதை மறந்துவிட்டுப் படித்திருக்க இயலாது. இறுதிப் பகுதி, வெடியில் சிதறிய கல் பட்டு இறந்த உடனுழைப்பாளிக்கு. அந்த விபத்தைக் கண்ணால் கண்டவர் வொய்த்திவா. அங்கே தத்துவம் வாயடைத்துப் போகிறது. உடலைக் கிடத்துகிறார்கள், மனைவியும் மகனும் நினைவில் வருகிறார்கள், வேலை தொடர்கிறது. தாயின் கல்லறைக் கவிதையில் நாம் கேட்ட குரல் இதுவே, இப்போது இன்னொருவருடைய துயரத்திற்காக.

ஆங்கிலத்தில் யெர்ஸி பீட்டர்கீவிச் செய்த மொழிபெயர்ப்பின் வழியாகவே நம்மில் பலர் இவற்றை அறிவோம். 1979இல், கவிஞர் திருத்தந்தையான பின்னர் வெளிவந்தது அது. பொருள் அதில் தெளிவாக வந்திருக்கிறது. செவிக்கென்றே பழகிய கவிஞரின் ஓசை மட்டும் வந்து சேரவில்லை. தமிழில் பெயர்க்க முனைவோர் போலந்து மொழி அறிந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அவர் உரக்கப் படிக்கக் கேட்டுவிட்டு எழுதுவது நல்லது. ‘கல்குவாரி’யிலிருந்து தொடங்கட்டும். 1939ஆம் ஆண்டுச் சங்கீதங்களைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளலாம். அவ்வாண்டில் அன்னையின் கல்லறைமுன் எழுதிய அந்தச் சிறு கவிதையை மட்டும் முன்னதாகவே எடுத்துக்கொள்ளட்டும்.