பிளவும் உருவும்: மொன்ட்ரியால் பள்ளியின் அளவுகோல்

மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று மன்றத்துப் பெரியவர்கள் கேட்டபின் மறுக்க வழியில்லை. மொன்ட்ரியால்-நோரில் கூடும் இந்த அவைக்குச் சைக்ளின் இன்னது, அணுக்கரு ஏற்பி இன்னது என்று பாடம் எடுக்கவும் தேவையில்லை. ஜென்சனின் சிகாகோ, ஷாம்போனின் ஸ்ட்ராஸ்பூர், எவன்ஸின் சால்க் ஆகிய பரம்பரைகள் தெரிந்தவை. எவன்ஸோடு இருந்தபோது, 1988இல் ஈஸ்ட்ரோஜன் ஏற்பியின் அநாதை உறவுகளைக் கண்ட வன்சான் ஜிகேர் பின்னர் மக்கில் பல்கலைக்கழகத்தில் அமர்ந்ததால், அந்தக் கொடியின் ஒரு கிளை நம் ஊரிலும் படர்ந்தது. நான் எடுத்துக்கொள்வது ஒரே கேள்வி: செல்லைப் பிளக்க வைக்கும் புரதம் ஏற்பியின் வேலையிலும் கைவைக்கிறது என்று சொல்ல எவ்வளவு சான்று போதும்?

1997இல் இரண்டு செய்திகள் வந்தன. சுழற்சிக் கினேஸ்களை முடுக்கும் சிடிகே7, ரெட்டினாயிக் அமில ஏற்பியின் மீதும் பாஸ்பேட் ஏற்றுகிறது என்றது ஸ்ட்ராஸ்பூர். சைக்ளின் டி1 ஈஸ்ட்ரோஜன் ஏற்பியை நேரே பற்றி, ஹார்மோனும் கினேஸும் இல்லாமலே தூண்டுகிறது என்றது ஆம்ஸ்டர்டாம். டி1 இல்லாத எலிக்குக் கர்ப்பகாலத்தில் பால்சுரப்பி சரியாக வளராது என்பது 1995 முதல் தெரிந்ததால் இரண்டாவது செய்தி எளிதில் ஏற்கப்பட்டது. ஆனால் 1999இல் டி1 மரபணுவின் இடத்தில் சைக்ளின் ஈயை வைத்தார்கள், சுரப்பி மீண்டது. அப்படியானால் பிளவுதான் எல்லாம், ஏற்பித் தொடர்பு ஆய்வுக்கூடத் தட்டில் மட்டும் தெரியும் காட்சி என்று வாதிடுவோர் உண்டு. வலுவான வாதம்தான். ஆயினும் இயல்பான வளர்ச்சிக்கு எது போதும் என்பதைத்தான் அது சொல்கிறது. கட்டிக்குள் அளவு மீறிய டி1 என்ன செய்கிறது என்பதை அது தொடவேயில்லை.

இங்கேதான் பைன் வீதியில் ஜாக் த்ரூவன் வளர்த்த பிட்யூட்டரிப் பள்ளியைச் சொல்ல வேண்டும். என் பற்று அதன்மீது என்பதை மறைக்கப்போவதில்லை. சுரப்பிக்குள்ளேயே, வளரும் கருவிலேயே கேள்வியைக் கேட்பது அவர்கள் வழக்கம். முன்னோடிச் செல் சுழற்சியை விட்டு வெளியேற பி57 வேண்டும். வேறுபாடடைந்த செல் மறுபடி சுழற்சிக்குள் நுழையாமல் காப்பது பி27 என்று 2009இல் இரண்டு கடமைகளையும் பிரித்துக் காட்டினார்கள். அதற்கு முன்பே, 2006இல், குளுக்கோகார்ட்டிகாய்டு ஏற்பி பிஓஎம்சி மரபணுவை அடக்குவதற்கு பிஆர்ஜி1, எச்டிஏசி2 இரண்டும் வேண்டும் என்று காட்டியிருந்தார்கள். ஹார்மோனுக்கு அடங்காத குஷிங் கட்டிகளில் ஏறத்தாழ பாதியில் இவற்றில் ஒன்று அணுக்கருவில் இல்லை. ஆர்பி புரதத்தோடு சேர்ந்து சுழற்சியை நிறுத்துவதும் இதே பிஆர்ஜி1தான். அது போனால் ஏற்பியின் பிடி தளர்வதோடு பிளவின் தடையும் தளரக்கூடும். கட்டி ஏன் ஹார்மோனுக்கும் அடங்காமல், வளர்வதையும் நிறுத்தாமல் இருக்கிறது என்பதற்கு இது ஒரே நூலில் கோத்த விளக்கம். நோயாளியின் திசுவரை வந்த சான்று என்பதால் இதை மற்றவற்றுக்கு மேலே வைக்கிறேன்.

இன்றைய நிலை? யாரையும் குறிப்பிட்டுச் சொல்வதாக எண்ண வேண்டாம். இளையவர்களிடம் கருவியும் இருக்கிறது, உழைப்பும் இருக்கிறது. ஆனால் கடன் வாங்கிய செல்வரிசையில் சைக்ளினைக் குடம்குடமாக ஊற்றிவிட்டு, ஏற்பி அசைந்தது என்று எழுதுவது பெருகிவிட்டது. எவ்வளவு ஊற்றினீர்கள் என்று கேட்டால் முகம் சுளிக்கிறார்கள். அளவு போனதோடு பெயரும் போயிற்று. கொழுப்புச் செல் உருவாகும்போது டி1 பிபிஏஆர் காமா ஏற்பியை அடக்குகிறது, டி3 அந்த ஏற்பிக்குத் துணைபோகிறது. 2003இலும் 2005இலும் வந்த முடிவுகள். இவ்வளவு தெரிந்தும் வெறும் ‘சைக்ளின் டி’ என்று சுவரொட்டியில் அச்சிடுகிறார்கள்! எதிரெதிர் வேலை செய்யும் இருவரை ஒரே பெயரில் அழைக்கத் துணிந்தபின் படத்துக்கு ஏன் அளவுகோல், கட்டுப்பாட்டுச் சோதனைக்கு ஏன் இடம், ஆய்வேட்டுக்கு ஏன் தேர்வாளர் என்றுகூடத் தோன்றிவிடுகிறது. மிகையாகச் சொல்கிறேன் என்று நண்பர்கள் சொல்லலாம். வேகமாக வெளியிடாவிட்டால் நிதி கிடைக்காது என்ற இளையவர்களின் நியாயமும் புரிகிறது. ஆனால் நிதிக்கும் ஓர் எண்ணை எழுதுவதற்கும் என்ன பகை? மன்றத்து மாணவர் பரிசுக்கு வரும் கட்டுரைகளிலாவது, செல்லின் இயல்பான அளவைக் காட்டும் பட்டையும் புகுத்திய அளவைக் காட்டும் பட்டையும் ஒரே படத்தில் அருகருகே இருக்க வேண்டும் என்று பெரியவர்கள் விதி செய்யலாம். எண் இல்லாத ‘சைக்ளின் டி’யோடு வருவதைத் திருப்பி அனுப்பிவிடலாம்.