தனித்தொகுதித் தோழர்கள்

2021 சட்டமன்றத் தேர்தலில் சி.பி.ஐ.யும் சி.பி.எம்.மும் தி.மு.க. அணியில் ஆளுக்கு ஆறு இடம் வாங்கி, ஆளுக்கு இரண்டில் ஜெயித்தன. கீழ்வேளூர், கந்தர்வகோட்டை, திருத்துறைப்பூண்டி, தளி. தளி தவிர மூன்றும் தனித்தொகுதி. 2016-இல் ஒரு இடமும் இல்லாமல் போன கட்சிகளைச் சபைக்குள் திரும்பக் கொண்டுவந்தது பெரும்பாலும் நம்ம தொகுதிதான். ஆனால் மேடையில் ஏறினால் வர்க்கம், வர்க்கம், வர்க்கம்.

சாணிப்பாலையும் சவுக்கடியையும் எதிர்த்து நின்றது செங்கொடி. எங்க பாட்டிமார் அதைக் கையெடுத்துக் கும்பிட்டாங்க. அதை நான் மறுக்கவில்லை. கீழ்வேளூர் வட்டத்தில்தான் வெண்மணியும் இருக்கிறது. 1968 டிசம்பர் 25 இரவு எரிந்த 44 பேரும் கூலிக்காகச் செத்தார்கள் என்கிறார்கள். சரி, கூலிதான். எரிந்தது ஏன் சேரி மட்டும்?

அம்பேத்கர் கேட்டது தனி வாக்காளர் தொகுதி. 1932 பூனா ஒப்பந்தத்தில் கிடைத்தது இந்தத் தனித்தொகுதி. இதில் ஊர்த்தெரு ஓட்டும் விழுந்தால்தான் ஜெயிக்கலாம். அப்புறம் நம்ம தோழர் சுடுகாட்டுப் பாதையைப் பற்றி எப்படி வாய் திறப்பார்?

அதே அணியில் நின்ற விடுதலைச் சிறுத்தைகளைச் சாதிக் கட்சி என்பார்கள். அது ஜெயித்த நான்கில் நாகப்பட்டினமும் திருப்போரூரும் பொதுத்தொகுதி. நாகையில் வென்றவர் ஒரு முஸ்லிம், ஆளூர் ஷாநவாஸ்.